‘குறைந்த இடங்களே உள்ளன’: குற்றாலச் சாரலில் நான் கொண்டுபோன இருநூறு நோட்டீஸ்

குற்றாலத்துக்கு நான் வருடம் தவறாமல் போகிறவள். சீசன் தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகும் மதுரையில் உட்கார்ந்து அச்சு இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது என்னால் ஆகாத காரியம். ஆனால் இந்த ஜூன் மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலையில் நான் கிளம்பியதற்கு அருவி பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என் பையில் கட்டாக இருந்த இருநூறு நோட்டீஸ். அறை வாடகையும் அருவி நேரமும் மட்டும் போதும் என்கிறவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மதுரையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை வருடம் முழுக்கச் சோறு போடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் தனியார் பள்ளிக்கூடங்கள் அதன்மேல் குழம்பு ஊற்றுகின்றன. சேர்க்கை நோட்டீஸ், டைரி, அடையாள அட்டை, ஃபிளெக்ஸ் என்று ராத்திரி பகல் பார்க்காமல் அடித்துக் கொடுப்பேன். எந்தப் படத்தை மேலே வைத்தால் அம்மா நிற்பாள், எந்த எழுத்தைப் பெரிதாகப் போட்டால் அப்பா போன் பண்ணுவார் என்பது எனக்கு அத்துப்படி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜெயராணி என்னோடு பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவள். இப்போது மேலகரத்துக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியை. பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை, ஏன் என்று போகப் போகத் தெரியும். “ஏட்டி வசந்தி, ஊருல உள்ள பள்ளிக்கூடத்துக்கெல்லாம் அடிச்சுக் குடுக்குதேல்லா, எனக்கும் ஒரு நோட்டீசு அடிச்சுத் தாயேன்” என்று போனில் கேட்டாள். காசு வேண்டாம், நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மதுரையில் காலை 7.10க்குச் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் 45 ரூபாய். ராஜபாளையம் வரை வெயில், கடையநல்லூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக ஈரக்காற்று. அங்கேயே பாதி அலுப்பு போய்விடும். தென்காசியில் இறங்கும்போது 10.25. இடது பக்க ஜன்னலைவிட வலது பக்கத்தைப் பிடியுங்கள், மலை அந்தப் பக்கம்தான்.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. நூற்றைம்பது கேட்டார், நூற்றிருபதுக்கு இறங்கினார். நான்கு கிலோமீட்டருக்கு அது அதிகம்தான். “சீசன்லாக்கா” என்றார், அந்த ஒரு வார்த்தைக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த ஊரில் மறுபேச்சே கிடையாது. பெயர் இசக்கி. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்.

“ஜெயராணி டீச்சர் பள்ளிக்கூடமா? நாளைக்கு எம் பிள்ளைய ரெண்டையும் அங்கனதான் சேக்கப் போறேன்.”

மூத்தது பெண், இரண்டாம் வகுப்பு. இப்போது படிப்பது வேன் வந்து கூட்டிப் போகிற ஒரு தனியார் பள்ளியில், இலவச ஒதுக்கீட்டு இடத்தில். அதாவது அந்த இடத்துக்கான ஃபீஸை அரசாங்கம் பள்ளிக்குக் கட்டிவிடும், வேன், நோட்டு, சீருடை மட்டும் பெற்றவர் பாடு. இளையவன் இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. “வேனு காலம்பற ஏழேகாலுக்கு வந்திருது. சாயங்காலம் நாலு இருவதுக்கு எறக்கி விட்டுட்டுப் போயிருது. எங்க வீட்ல அவ அஞ்சருவில பழக்கட. சீசன்ல ஏழு மணியாவும் வர. நான் வண்டியில கெடக்கேன். பிள்ள பூட்டுன வீட்டு வாசல்ல உக்காந்திருக்கு. டீச்சருன்னா ஆறர வர வச்சுப் பாத்துக்கிடுதாங்க” என்றார் இசக்கி. கொஞ்ச தூரம் போன பிறகு, “ஆனா அந்த எடத்த விட்டா விட்டதுதான். திரும்பக் கேட்டா கெடைக்காது. எங்க வீட்ல அவ ரெண்டு வாரமா யோசிச்சா” என்றும் சொன்னார்.

பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டக் கை துறுதுறுத்தது. நாளைக்குப் பார்த்து அசந்து போகட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

பள்ளி என்பது இரண்டு வகுப்பறை, ஒரு வராந்தா, ஒரு சமையலறை, பின்னால் கழிப்பறை. ஜெயராணியும் கணேசன் சாரும் ஆக இரண்டு ஆசிரியர்கள். போன வருடம் இருபத்துநான்கு பிள்ளைகள். அதில் ஆறு பேர் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டார்கள். எண்ணிக்கை குறைந்தால் கணேசன் சாரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை மதியம் கணக்கு அனுப்ப வேண்டும். புதிதாக நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள், இசக்கியின் இரண்டும் வந்தால் மறுபடி இருபத்துநான்கு. கணேசன் சார் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் இவள் ஒருத்தி. சாயங்காலம் பிள்ளைகளை வைத்துக்கொள்ளவும் முடியாது. அதற்காக வந்தவர்களும் கிளம்பிவிடுவார்கள்.

இந்தச் சாயங்கால ஏற்பாடே தனியார் பள்ளியைப் பார்த்து வந்ததுதான் என்றாள் ஜெயராணி. அந்த வேன் முதன்முதலாக இந்தத் தெருவில் வந்து நின்றபோது இவளுக்கு எரிச்சல். கலர் வேனைப் பார்த்து மயங்குகிறார்கள் என்று ஊரைத் திட்டினாள். அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்தாளாம், வேனில் அப்படி என்ன இருக்கிறது என்று. பிள்ளை எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அதை நாமும் தரலாமே என்று கணேசன் சாரும் இவளும் முறை வைத்துச் சாயங்காலம் ஆறரை வரை இருக்க ஆரம்பித்தார்கள். காலைச் சாப்பாடு ஏற்கெனவே பள்ளியில் உண்டு. அதைப் பார்த்து அந்தத் தனியார் பள்ளி மூன்றரை மணிக்குச் சுண்டல் கொடுக்க ஆரம்பித்தது.

“போட்டி இப்படி இருந்தால் நல்லதுதானே” என்றேன்.

“நல்லதுதான். ஆனா யாரு போறான்னு பாரு ஏட்டி” என்றாள். “மொதல்ல போறது கேள்வி கேக்குத ஆளுவ. அவங்களுக்குத்தான் அந்த எலவச எடத்துக்கு ஃபாரம் எங்க குடுக்கான், எப்பக் குடுக்கான்னு தெரியும். மிச்சம் இருக்கவங்க எங்கிட்ட சத்தமாக்கூடப் பேச மாட்டாங்க. கக்கூசு கதவுல தாழ்ப்பா இல்லாம ரெண்டு வருசமாச்சு. நானே ரெண்டு தடவ வாங்கிப் போட்டேன். கதவு நெல செல்லரிச்சுப் போயி ஆணி நிக்க மாட்டுக்கு. கதவையே மாத்தணும். அஞ்சு தடவ எழுதிப் போட்டேன். முன்னாலன்னா ரெண்டு அம்மமாரு ஆபீசுல போயி சண்ட போட்டா ஒரு வாரத்துல ஆளு வந்திரும். இப்ப யாரு போவா?” பெரிய பெண் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் போகிறார்கள், ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்கிறாள்.

எனக்கு இது பெரிதாக உறைக்கவில்லை. நான் நோட்டீஸ் கட்டைப் பிரித்தேன்.

அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பளபளக்கும் தாள், நான்கு வண்ணம், தங்கக் கரை. மேலே கோட்டும் டையும் போட்ட பிள்ளைகள் தொப்பியைத் தூக்கி எறிகிற படம். ‘ஆங்கில வழி’, ‘ஸ்மார்ட் வகுப்பறை’, ‘மாலை நேரக் கவனிப்பு’. கீழே சிவப்பு வட்டத்துக்குள், ‘அட்மிஷன் நடைபெறுகிறது. குறைந்த இடங்களே உள்ளன!’ ‘இலவசம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அந்தச் சொல்லைப் பார்த்தால் பெற்றோர் பள்ளியைக் குறைவாக நினைக்கிறார்கள் என்பது இருபது வருடத் தொழிலில் நான் கற்ற பாடம். ஜெயராணி இரண்டு தடவை படித்துவிட்டு, “நம்ம பள்ளிக்கூடம் மாதிரியே இல்லியேட்டி” என்றாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு வீடாகக் கொடுத்தோம். ஆறு மணிக்கு முடிந்தது. அங்கிருந்து பேரருவிக்கு ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய். தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் பக்கம் வரிசையில் நிற்கப் பத்து நிமிடம், குளித்தது நாற்பது நிமிடம். ஊருக்கே உபகாரம் செய்துவிட்ட திமிரோடு குளித்தேன்.

வெள்ளிக்கிழமை இசக்கி வரவில்லை. பத்து மணி, பதினொன்று, மதியம். போனை எடுக்கவில்லை. ஜெயராணி சேர்க்கைப் பதிவேட்டை மேசையில் திறந்தபடியே வைத்திருந்தாள். ஏற்கெனவே பிள்ளையைச் சேர்த்துவிட்ட ஓர் அம்மா மட்டும் வந்து, “ஃபீசு எவ்வளவு டீச்சர்?” என்று மெல்லிய குரலில் கேட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் நான் ஒரு நோட்டீஸை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன்.

நாலு இருபதுக்குத் தெருமுனையில் வேன் வந்தது. ஓட்டி வந்தவர் அறுபது வயது, வெள்ளைச் சட்டை. வேனின் பின்பக்கம் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அதே கோட்டு, அதே டை, அதே தொப்பி. நான் இணையத்திலிருந்து இறக்கிய அதே படத்தை வேறு எந்த அச்சகமோ இறக்கி அவருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறது. எங்கள் தொழிலில் இது சாதாரணம், படம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நோட்டீஸ் அடித்தவள் நான்தான் என்று சொன்னதும் சிரித்தார். “தாளாளரும் நான்தான், டிரைவரும் நான்தான். நேத்து ராத்திரியில இருந்து ஏழெட்டுப் போனு. கவருமெண்டு பள்ளிக்கூடத்த நீங்க எடுத்துட்டியளா அண்ணாச்சி, இனிமே அங்கயும் ஃபீசானு கேக்காவ. இல்லன்னுதான் சொன்னேன். கேட்டவங்களுக்குச் சொன்னேன். கேக்காதவங்க வீட்டுக்குப் போயி சொல்ல முடியுமா?”

அவர்மேல் கோபம் வரவில்லை. தனியாக டிரைவர் வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். தென்காசியிலிருந்து ஒரு பெரிய பள்ளியின் ஏ.சி. பஸ் இந்த ரோட்டில் வர ஆரம்பித்திருக்கிறது, இருந்த டிரைவர் அங்கே போய்விட்டார், கூடவே பதினொரு பிள்ளைகளும் என்றார். “நான் டீச்சருகிட்ட இருந்து எடுத்தேன். அவன் எங்கிட்ட இருந்து எடுக்கான். அவங்கிட்ட இருந்து எடுக்கவும் எவனாவது வருவான்” என்று சொல்லி வேனைக் கிளப்பினார். இறங்கிய பிள்ளைகளில் ஒரு பெண் பூட்டிய வீட்டு வாசலில் போய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. இசக்கியின் மகள் அதுதான் என்று ஜெயராணி சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் ஜெயராணியும் ஐந்தருவிக்குப் போனோம். குற்றாலத்திலிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய். பார்க்கிங்கிலிருந்து அருவிக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் பழக்கடைகள். இசக்கியின் மனைவி செல்வி ரம்புட்டானைக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையை நிறுத்தவில்லை. தட்டுக்கு அடியிலிருந்து என் நோட்டீஸை எடுத்து நீட்டினாள். மங்குஸ்தான் கறை பட்டிருந்தது.

“டீச்சர், நீங்க ஒரு பைசா வேண்டாம்னு சொன்னிய. இதுல ‘எலவசம்’னு ஒரு வார்த்த இருக்கானு காட்டுங்க பாப்போம். இப்படித் தாளுல அடிக்கத பள்ளிக்கூடம் அந்தக் காச எங்கிட்ட இருந்துதான எடுக்கும்?”

“காசு யாரும் கேக்கல செல்வி...” என்று ஜெயராணி ஆரம்பித்தாள்.

“அது போவட்டும். கொறஞ்ச எடந்தான் இருக்குனு போட்டிருக்கு. இருவது பிள்ள இருக்க பள்ளிக்கூடத்துல எடம் எங்க கொறஞ்சுது? இதுல பொய் சொல்லுதவங்க ஆறர மணி வர பாத்துக்கிடுதோம்னு சொன்னா நான் எப்படி நம்ப? கையில இருக்க எடத்த விட்டுட்டு வரச் சொல்லுதிய. நாளைக்கு நீங்களும் இல்லன்னா எம் பிள்ளைய நடுத்தெருவுல நிக்கும்.”

நான் வாய் திறந்தேன். அடித்தது நான், டீச்சருக்கு இதில் சம்பந்தம் இல்லை, காசு வாங்கவில்லை, அந்த வரியை எல்லா நோட்டீஸிலும் போடுவேன், யோசிக்காமல் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“யோசிக்காமத்தான் எல்லாரும் போடுதாவ” என்றாள். பிறகு ஜெயராணியிடம் திரும்பிக் கேட்க ஆரம்பித்தாள். சாயங்காலம் யார் இருப்பார்கள்? ஒருவர் லீவு போட்டால்? மழை அடித்தால் பிள்ளைகள் எங்கே? இங்கிலீஷ் புத்தகம் நிஜமாகவே வாசிப்பார்களா, படம் பார்ப்பதோடு சரியா? ஜெயராணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

“கக்கூசுக்குத் தாழ்ப்பா இருக்கா?”

ஜெயராணி என்னைப் பார்த்தாள். பிறகு, “இல்ல” என்றாள்.

“எம் மவ அதுக்காவ தண்ணி குடிக்காம இருப்பா, தெரியுமா? அந்த வேன் பள்ளிக்கூடத்துல அது மட்டும் ஒழுங்கா இருக்கு” என்றாள் செல்வி. பழம் கேட்டு ஆள் வந்துவிட்டது. நாங்கள் நின்றோம். அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டு, “திங்கக்கெழம காலைல வந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்” என்றாள்.

அன்று நான் குளிக்கவில்லை. ஐந்தருவி வரை போய்த் தலை நனையாமல் திரும்பியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மதியப் பாசஞ்சரில் ஊர் திரும்புவதாக இருந்தேன். டிக்கெட் எடுக்கவில்லை. தென்காசியில் ஒரு கடையைத் திறக்க வைத்து நிலையோடு சேர்த்து பி.வி.சி. கதவு ஒன்று வாங்கினேன், 3,400 ரூபாய். இந்த ஊரிலிருந்து அல்வாவும் சிப்ஸும் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கதவு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இசக்கிக்குப் போன் செய்தேன், இந்த முறை எடுத்தார். கதவை ஆட்டோவின் மேல் கட்டி, சாரலில் மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். வாடகை கேட்கவில்லை. “அவ கோவக்காரி, தப்பா நெனைக்காதீங்க” என்று மட்டும் சொன்னார். பழைய நிலையைப் பெயர்த்துப் புதியதைப் பூசி நிறுத்தச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அன்றைக்கே ஜெராக்ஸ் கடையில் இன்னொரு நோட்டீஸும் போட்டேன். கறுப்பு வெள்ளை, படம் இல்லை. செல்வி கேட்ட கேள்விகள் அப்படியே, கீழே ஜெயராணி சொன்ன பதில்கள் அப்படியே. ‘ஃபீஸ் உண்டா? இல்லை, எதற்கும் இல்லை.’ ‘ஒரு ஆசிரியர் லீவு போட்டால்? அன்று மாலை வகுப்பு ஐந்தரையோடு முடியும், காலையிலேயே போனில் சொல்லிவிடுவோம்.’ ‘கம்ப்யூட்டர் உண்டா? ஒன்று இருக்கிறது, ஓடவில்லை.’ இப்படி ஒரு நோட்டீஸை என் வாடிக்கையாளர் யாருக்காவது காட்டினால் அடுத்த வருடம் என் கடைப் பக்கமே வரமாட்டார்கள். இதையும் வீடு வீடாகக் கொடுத்தோம். ஒரு வீட்டில் மட்டும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்றார்கள், அவர்கள் ஏ.சி. பஸ்ஸுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். எட்டரைக்கு இசக்கியின் ஆட்டோ வந்தது. செல்வி இறங்கினாள், பின்னால் இரண்டு பிள்ளைகள். வணக்கம் சொன்ன ஜெயராணியைத் தாண்டி, திறந்து கிடந்த பதிவேட்டைத் தாண்டி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனாள். மகளை உள்ளே விட்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. செல்வி வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு அசையவில்லை.

திரும்பி வந்து கையெழுத்துப் போட்டாள். பேனாவை வைத்ததும், “குழாய்க்குக் கீழ பாசி புடிச்சுக் கெடக்கு டீச்சர். பிள்ளைய வழுக்கி விழுந்தா யாரு பதிலு சொல்லுவா? அந்தக் கம்ப்யூட்டர் எதுக்கு ஓடல? நான் வேணா ஆபீசுல வந்து கேக்கவா?” என்று ஆரம்பித்தாள். கணேசன் சார் ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டார். ஜெயராணி திட்டு வாங்கிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் பிறகு அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. மதியம் கணக்குப் போயிற்று, இருபத்துநான்கு.

சாயங்காலம் பாசஞ்சரில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறுத்தியது. இவளுக்குக் கூடிய இரண்டில் ஒன்று, அந்த வேன்கார அண்ணாச்சிக்குக் குறைந்த ஒன்று. ஊரில் பிள்ளை ஒன்றும் புதிதாக முளைத்துவிடவில்லை. ஆனாலும் வேன் வந்ததால்தான் சாயங்காலம் ஆறரை வரை பள்ளி திறந்திருக்கிறது, செல்வி வந்ததால் குழாயடிப் பாசி போகும். பிள்ளையோடு கேள்வி கேட்கிற ஆளும் சேர்ந்து வந்தால்தான் பள்ளி பிழைக்கும். அதை எந்த நோட்டீஸிலும் அடிக்க முடியாது. நான் கிளம்பும் முன் அண்ணாச்சி போன் பண்ணி, அந்தக் கறுப்பு வெள்ளை மாதிரி அவருக்கும் நூறு அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். சரி என்றேன், பதில்களை உண்மையாகச் சொல்வதாக இருந்தால்.

இனி போகிறவர்களுக்கு. ஜூன் பாதி முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம், சனி ஞாயிறு தவிருங்கள். வார நாளில் தென்காசியில் அறை 900 ரூபாய்க்குக் கிடைத்தது, குற்றாலத்துக்குள் அதே அறை இரட்டிப்பு. மேலகரத்தில் தங்கினால் இரண்டுக்கும் நடுவில். பேரருவிக்குக் காலை ஆறு மணிக்குள் போய்விடுங்கள். ரயில் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தருவி வழியில் ரம்புட்டான் வாங்கினால் பேரம் பேசலாம், இடது பக்கம் மூன்றாவது கடையில் மட்டும் கவனமாகப் பேசுங்கள்.

கடைசியாக, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று குழம்புகிறவர்களுக்கு ஒன்று. அரசுப் பள்ளியோ தனியாரோ, நோட்டீஸைப் படித்து முடிவெடுக்காதீர்கள். இருபது வருடமாக அதை அடித்துக் கொடுக்கிறவள் சொல்கிறேன். நேராகப் பின்பக்கம் போய், கழிப்பறைக் கதவைத் தாழிடச் சொல்லி, வெளியிலிருந்து தள்ளிப் பாருங்கள்.